வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் மில் வந்தது, இந்தப் பக்கம் ஏன் வரவில்லை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

17 வருடமாகக் காலை பஸ் பிடித்து, கேரள எல்லையான வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறேன். பவுண்டரியில் மோல்டிங் பிரிவு. பஸ்ஸில் பாதிக்கு மேல் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். எருத்தேம்பதி, வடகரப்பதி என்று வழியெல்லாம் ஏறுவார்கள். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டு மலையாளத்தில். விடிந்ததும் கிழக்கே போகிறோம், இருட்டியதும் மேற்கே திரும்புகிறோம்.

போன வாரம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சி நம் தொழில்களை வளர்த்ததா, அழித்ததா என்று. எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்: "அப்பா, கோயம்புத்தூரையும் நம்மையும் ஆண்டது ஒரே வெள்ளைக்காரன்தானே? அங்கே மட்டும் ஏன் மில் வந்தது? நீங்கள் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது?" எனக்குப் பதில் வரவில்லை. நாலு நாளாக அதே நினைப்பு. தெரிந்ததை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

கோயம்புத்தூரின் முதல் பெரிய நூல்மில் 1888-ல் வந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கியது. அதற்கப்புறம் வந்த மில்களில் பெரும்பாலானவற்றைப் போட்டவர்கள் நம் ஆட்கள். பருத்தி விளைவித்தும், பருத்தி வாங்கி விற்றும் பணம் சேர்த்த குடும்பங்கள். அங்கே ரயத்துவாரி. பட்டா விவசாயி பெயரில். சர்க்காருக்கு வரி கட்டியது போக மிஞ்சியது அவன் வீட்டில் தங்கியது.

பாலக்காட்டுப் பக்கம் வேறு. 1792-ல் திப்புவிடமிருந்து மலபார் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. ஜென்மி என்கிற பரம்பரை நிலப்பிரபுதான் நிலத்துக்கு முழுச் சொந்தக்காரர் என்று கும்பினி எடுத்துக்கொண்டது. அதுவரை ஜென்மி, அவருக்கு முன்பணம் கொடுத்து நிலத்தை வைத்திருந்த காணக்காரர், உழுகிறவர் என எல்லோருக்கும் விளைச்சலில் ஒரு பங்கு இருந்தது. கோர்ட் வந்த பிறகு ஜென்மி நினைத்தால் குடியானை வெளியேற்றலாம் என்றாகிவிட்டது. மலபாரில் கலெக்டராக இருந்த வில்லியம் லோகனே 1882-ல் கொடுத்த அறிக்கையில், நாம் ஜென்மியைத் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்ற கருத்தைச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டுக் கதையைப் பாருங்கள். என் தாத்தா ஒரு ஜென்மிக்குப் பாட்டம் (குத்தகை) அளந்தவர். அவருடைய மச்சான் பொள்ளாச்சிப் பக்கம், சொந்தப் பட்டா 8 ஏக்கர். இரண்டு பேரும் கருமண்ணில் பருத்தி போட்டவர்கள். மச்சான் 1930-களில் பருத்திப் பணத்தில் ஒரு மில்லில் பங்கு வாங்கினார். தாத்தா அதே வருடங்களில் பாட்டத்துக்கு வண்டி கட்டிக்கொண்டிருந்தார். 1970-ல் கேரள நிலச் சீர்திருத்தம் அமலுக்கு வந்த பிறகுதான் அவர் கைக்குப் பட்டயம் வந்தது. அப்போது அவருக்கு 70 வயது. இனிமேல் எந்த மில்லில் பங்கு வாங்குவது?

விளைச்சலின் மிச்சம் யார் வீட்டில் தங்கும்படி வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனானோ, அதை வைத்துத்தான் பின்னால் தொழில் வந்தது என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆனைமலைத் தோட்டம்:

இதற்கு இவ்வளவு வரலாறு வேண்டுமா? மழையைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே நல்ல மழை, நெல்லும் தென்னையும் வரும். கிழக்கே மழை மறைவு, பருத்திதான் வரும். பருத்தி இருந்த ஊரில் மில் வந்தது. பாலக்காட்டில் நெல் அரைக்கும் மில் இருந்ததே, அதுவும் மில்தானே.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அண்ணா, எங்கள் ஊரும் மழை மறைவுதான். கேரளத்தில் கருமண் என்றால் முதலில் சொல்வது எங்கள் சித்தூர் தாலுகாவைத்தான். கடலையும் பருத்தியும் விளைந்த மண். கோயம்புத்தூர் நாற்பது கிலோமீட்டருக்குள். மண்ணும் மழையும் ஒன்றாக இருந்தும் இங்கே பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஒரு ஜின்னிங் பேக்டரி கூட என் தாத்தா பார்த்ததில்லை என்பார்.

பருத்தியை விடுங்கள், சுண்ணாம்புக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தது 1934-ல். அங்கிருந்து பார்த்தால் தெரிகிற வாளையாற்று மலையடியில் மலபார் சிமென்ட்ஸ் உற்பத்தி தொடங்கியது 1984-ல். நடுவில் 50 வருடம். இதற்கும் மழைதான் காரணமா?

செங்கோட்டை வாத்தியார்:

தம்பி, கேள்வி அருமை. ஆனால் அடித்தளத்திலேயே ஒரு தவறு இருக்கிறது. சித்தூர் தாலுகா மலபாரில் இருந்ததில்லை. பாலக்காடு மலபார் மாவட்டம், சென்னை மாகாணம், நேரடி வெள்ளைக்காரர் ஆட்சி. சித்தூர் கொச்சி ராஜாவுடையது. ஆகவே உங்கள் தாத்தாவின் ஜென்மியை உட்கார வைத்தது கும்பினி என்று நேராகச் சொல்ல முடியாது. கொச்சியிலும் ஜென்மிகள் இருந்தார்கள். கொச்சியின் 1914 குத்தகைச் சட்டம் காணக்காரர்களுக்குத்தான் நிலையான உரிமை கொடுத்தது. உங்கள் தாத்தா போன்ற வெறும்பாட்டக்காரர்களுக்கு, அதாவது சாதாரணக் குத்தகைக்காரர்களுக்கு, 1943 வரை ஒன்றும் இல்லை.

உங்கள் கருத்து தவறு என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் கொண்டு போக வேண்டும். நான் பிறந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. அதனால் திருவிதாங்கூரை வைத்துச் சொல்கிறேன்.

1865-ஆம் வருடத்தை நினைவில் வையுங்கள். அந்த ஒரே வருடத்தில் திருவிதாங்கூரில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, பண்டாரப்பாட்ட விளம்பரம். சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதவர்களுக்கு அதைச் சொந்தமாக்கி, விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை கொடுத்தது. நீங்கள் கேட்கிற அதே காரியம். அப்படியானால் திருவிதாங்கூரில் மில்கள் முளைத்திருக்க வேண்டுமே?

இரண்டாவது காரியத்தை இங்கே யாரும் பேசுவதில்லை. அதே 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு திருவிதாங்கூரும் கொச்சியும் வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டன. எல்லைச் சுங்கச் சாவடிகள் போயின. ஆரியங்காவு வழியாக வண்டி தடையில்லாமல் போனது, அது நல்லதுதான். ஆனால் அதற்கு விலையாகத் துறைமுகங்களில் பிரிட்டிஷ் இந்தியா வைத்த தீர்வையையே இவர்களும் வைக்க வேண்டும் என்றானது. மான்செஸ்டர் துணிமேல் கூடுதல் வரி போட்டு உள்ளூர் நெசவைக் காப்பாற்றலாம் என்று ஒரு திவான் நினைத்திருந்தால்கூட முடியாது. அரண்மனை திருவனந்தபுரத்தில், தீர்வை அட்டவணை கல்கத்தாவில். இதற்கு மேல் வருடம் 8 லட்சம் ரூபாய் கப்பம், 1805 உடன்படிக்கையின்படி.

ஒன்றுமே வரவில்லை என்றும் இல்லை. புனலூர்க் காகித ஆலை 1888. உங்கள் ஸ்டேன்ஸ் மில் வந்த அதே வருடம், அதையும் தொடங்கியது ஒரு வெள்ளைக்காரர்தான். கொல்லத்தில் பருத்தி மில், ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலைகள். 1904-ல் கொல்லம் - செங்கோட்டை ரயில். மலையைக் குடைந்து, பதின்மூன்று கண் பாலம் கட்டிக் கொண்டு வந்தார்கள். சின்ன வயதில் அந்தப் பாலத்தில் ரயில் திரும்பும்போது ஜன்னலில் தலையை நீட்டிக் கடைசிப் பெட்டியைப் பார்ப்போம். அந்த ரயிலில் கீழே போனது மரமும் பாக்கும் மலைச்சரக்கும். மேலே வந்தது துணியும் இயந்திரமும்.

பெருந்தொழில் என்று சொல்லத்தக்கவை வந்தது 1935-க்கு மேல்தான். ரப்பர் ஒர்க்ஸ் 1935, பள்ளிவாசல் மின்சாரம் 1940, ஆலுவாப் பக்கம் அலுமினியமும் உர ஆலை கம்பெனியும் 1943. அந்த உர ஆலைக்கு எண்ணெயோ நிலக்கரியோ கிடையாது. விறகை எரித்து வாயு எடுத்து அதிலிருந்து அமோனியா செய்தார்கள். நடத்தியது திருச்சி சேஷசாயி சகோதரர்கள். வெள்ளைக்காரர் பிடி தளர்ந்து, உலகப்போர் கப்பல்களை நிறுத்திய பிறகுதான் சமஸ்தானத்துக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அப்போதைய திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியலில் எனக்கு ஒப்புதல் இல்லை. புன்னப்புரா - வயலார் போராட்டத்தை ஒடுக்கியதை மன்னிக்க முடியாது. ஆனால் இந்தக் காலத்தில்தான் ஆலைகள் வந்தன என்பதையும் மறைக்க முடியாது.

ஆகவே என் பார்வை: நிலம் யார் பெயரில் என்பது பாதி. மீதிப் பாதி, தீர்வையையும் மின்சாரத்தையும் முடிவு செய்யும் உரிமை யார் கையில் என்பது.

பீளமேடு:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் மூன்று தலைமுறை மில் குடும்பம். ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். கோயம்புத்தூர் வளர்ந்ததற்குக் காரணமான பெரிய காரியங்கள் வெள்ளைக்காரர் செய்தவை. 1862-க்குள் கணவாய் வழியாக ரயில் வந்துவிட்டது. விவசாயக் கல்லூரியைச் சைதாப்பேட்டையிலிருந்து 1906-ல் இங்கே மாற்றினார்கள். கம்போடியாப் பருத்தியைப் பரப்பினார்கள். இழை நீளம், மில்லுக்கு ஏற்றது. 1932-ல் பைக்காரா மின்சாரம். எங்கள் தாத்தா சொல்வார், பைக்காரா வருவதற்கு முன் பீளமேடு சோளக்காடு என்று. கரண்ட் வந்த பிறகு மில்கள் மளமளவென்று எழுந்தன. இதையெல்லாம் செய்தது சென்னை சர்க்கார்தானே? நன்மையை நன்மை என்று சொல்ல வேண்டாமா?

ஒலவக்கோடு:

சொல்லலாம் தம்பி, ஆனால் முழுக்கச் சொல்ல வேண்டும். நான் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பழைய கெஜட்டுகளோடு வாழ்ந்தவள்.

முதலில் ரயத்துவாரி. இழையைத் தொடங்கிய தம்பி அதை நல்ல ஏற்பாடு மாதிரி எழுதியிருக்கிறார். நிலவரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்தார்கள் என்று விசாரிக்கச் சென்னையில் ஒரு கமிஷனே போட்டார்கள். அதன் அறிக்கை 1855-ல் வந்தது. வெயிலில் குனிய வைத்து முதுகில் கல் ஏற்றிய கதையெல்லாம் அதில் இருக்கிறது. 1876 - 78 தாது வருடப் பஞ்சத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமில்லை. பட்டா இருந்தவன் வீட்டில் மிச்சம் தங்கியது என்பது பிற்காலத்துக் கதை, அதுவும் கிணறும் காளையும் வைத்திருந்தவனுக்கு. அந்தக் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்குப் பட்டாவும் இல்லை, பங்கும் இல்லை. அவர்கள் பிள்ளைகள்தான் பின்னால் மில்லுக்குள் கூலிக்குப் போனார்கள்.

அடுத்தது மில். 1896-ல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம் வரி வைத்தபோது, இந்திய மில் துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் உள்நாட்டு வரி வைத்தார்கள். லங்காஷையருக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதற்காக. அது போனது 1925-ல். கோயம்புத்தூர் மில்கள் பெருகியது அதற்கப்புறம்தான் என்பதைக் கவனியுங்கள். 1933-ல் பிரிட்டன் அல்லாத நாட்டுத் துணிக்கு 75 சதவீதம் வரை தீர்வை ஏறியது, ஜப்பானை மனதில் வைத்து. அந்த நிழலில் நம் மில்களும் வளர்ந்தன. பைக்காராவையும் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு நெஞ்சில் தைத்தது ஆல்பிரட் சாட்டர்டன் கதை. வெள்ளைக்காரர், பொறியியல் பேராசிரியர். சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் 1898-லேயே அலுமினியப் பாத்திரம் செய்து காட்டியவர். குரோம் முறையில் தோல் பதனிடுவதை நடத்திக் காட்டினார். கிணறுகளில் மாடு கட்டி இறைக்கும் கவலைக்குப் பதிலாக ஆயில் எஞ்சின் பம்ப் வைக்கலாம் என்று மாகாணம் முழுக்கச் சுற்றினார். சென்னையில் தொழில்துறை என்று ஒரு இலாகாவே உருவானது. ஐரோப்பிய வியாபாரிகள் எதிர்த்தார்கள். சர்க்கார் எங்களோடு போட்டி போடுவதா என்று. 1910-ல் லண்டனில் இந்திய விவகார மந்திரியாக இருந்த மார்லி அந்த இலாகாவுக்கு அனுமதி மறுத்தார். சாட்டர்டன் 1912-ல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். மைசூர் 1916-ல் சந்தன எண்ணெய் ஆலை, 1923-ல் பத்ராவதி இரும்பு ஆலை என்று போனது.

ஒரே மனிதர், ஒரே யோசனை. சென்னையில் லண்டன் ஒரு கடிதத்தில் நிறுத்தியது, மைசூரில் ஓடியது. வாத்தியார் ஐயா சொன்ன மீதிப் பாதி இதுதான்.

மூணாறு மகள்:

நான் படித்துக்கொண்டு மட்டும் போகலாம் என்றிருந்தேன். சமஸ்தானம் நன்றாக இருந்தது என்ற தொனி வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் மலையும் திருவிதாங்கூர்தான். 1877-ல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். பிறகு அது கிளாஸ்கோவைச் சேர்ந்த ஃபின்லே கம்பெனியிடம் போனது. 1924 வெள்ளத்துக்கு முன் இங்கே ரயில் ஓடியது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே, அப்புறம் போடிக்கு மாட்டு வண்டி. தேயிலைப் பெட்டி அப்படி இறங்கியது. மின்சாரம், ஆலை, ரயில் எல்லாம் மலைமேல் இருந்தது. தொழில் வளர்ச்சி என்று நீங்கள் சொல்கிற எல்லாமே இருந்தது.

ஆனால் அதை வைத்து இந்த மலையில் வேறு ஒரு தொழில் கிளைக்கவில்லை. என் பாட்டன் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் சீமையிலிருந்து ஏறி வந்தவர். நான்காவது தலைமுறையாக லயத்தில் (கம்பெனி கொடுத்த வரிசை வீட்டில்) இருக்கிறோம், ஒரு சென்ட் நிலம் எங்கள் பெயரில் இல்லை. வேலை நின்றால் வீடும் போகும். சொந்தமாக ஒரு தையல் கடை வைக்கக்கூட அடமானம் வைக்க ஒன்றுமில்லை. கொழிஞ்சாம்பாறை அண்ணா சொன்னது எங்களுக்கு அப்படியே பொருந்தும். மிச்சம் எங்கே தங்கியது? கப்பல் ஏறியது.

மணவாளக்குறிச்சி:

எங்கள் கடற்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் அன்றைக்குத் திருவிதாங்கூர். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருக்கிற தோரியம் அன்றைக்குக் கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு (ஒளிவிடும் வலைக்கு) வேண்டியிருந்தது. பல வருடம் மணல் மணலாகவே கப்பலில் போனது. அதை இங்கேயே பிரிக்கும் ஆலை ஆலுவாவில் திறந்தது 1952-ல், சுதந்திரத்துக்கு அப்புறம். மீனவர்களுக்கு மணல் எடுப்பதால் வந்த பாதிப்பு தனிக் கதை, அதை வேறு இழையில் எழுதுகிறேன்.

ஆனைமலைத் தோட்டம்:

மழைதான் காரணம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சித்தூர்க் கருமண் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. வெள்ளைக்காரன் போய் இவ்வளவு காலம் ஆகிவிட்டது. வாளையாறு செக்போஸ்ட்டில் நான் லோடு லாரியோடு இரண்டு நாள் நின்றிருக்கிறேன். 2017-ல் ஜிஎஸ்டி வரும் வரை அதுதான் நிலைமை. அதை எந்த வைஸ்ராயும் வைக்கவில்லை. நாம் வைத்தது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

உண்மை அண்ணா. 1865-ல் எடுத்த சாவடியை நாமே திரும்ப வைத்துக்கொண்டோம் என்றுதான் வாத்தியார் எழுதியதைப் படித்தபோது தோன்றியது. கஞ்சிக்கோட்டில் 1970-களில் மத்திய அரசு ஆலைகள் வந்தன. எங்கள் ஊர்ப் பையன்கள் சிலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அவற்றைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் கோயம்புத்தூர் மாதிரிப் பெருகவில்லை. நான் வேலை செய்கிற பவுண்டரி ஒரு காலத்தில் கிணற்று எஞ்சின் ரிப்பேர் பார்த்த பட்டறை. கிணறு ஆழமாக ஆழமாக பம்ப் வேண்டியிருந்தது, பம்புக்கு வார்ப்பு வேண்டியிருந்தது, 1937-ல் ஜி.டி. நாயுடு மோட்டாரே செய்துவிட்டார். பம்ப் வாங்கக் காசு வைத்திருந்த விவசாயிதான் அந்தப் பட்டறையின் முதல் வாடிக்கைக்காரன். எங்கள் பக்கம் அந்த வாடிக்கைக்காரன் 1970-க்கு அப்புறம்தான் பிறந்தான். அதற்குள் அங்கே இரண்டு தலைமுறை லேத் பிடித்துப் பழகிவிட்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் வைத்த ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், எனக்கு இதைத்தான் காட்டத் தெரியும்.

வாத்தியார் ஐயா, சித்தூர் கொச்சிச் சீமை என்று திருத்தியதற்கு நன்றி. 50 வயதில் என் ஊர் யார் ஆட்சியில் இருந்தது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். ஒலவக்கோட்டு அக்கா சொன்ன கூலிப் பெண்கள் விஷயம் எனக்கு உறைத்தது. மில்லில் பங்கு வாங்கிய மச்சான் தாத்தாவின் காட்டில் பருத்தி எடுத்தவர்கள் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மூணாறு தங்கை எழுதியதை மகளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அவள் கட்டுரையை மாற்றி எழுதிவிட்டாள். வளர்த்ததா, அழித்ததா என்ற கேள்வியை விட்டுவிட்டு, மதுக்கரை 1934, வாளையாறு 1984 என்று தொடங்கியிருக்கிறாள். ஆசிரியர் எவ்வளவு மார்க் போடுவார் என்று தெரியவில்லை. மதுக்கரையும் வாளையாறும் இரண்டுமே அன்றைக்குச் சென்னை மாகாணம்தானே, அப்புறம் ஏன் 50 வருடம் என்று நேற்று ராத்திரி கேட்டாள். ஒரே மாகாணம், ஒரே கல். இதற்கு நிலப் பட்டா பதில் ஆகாது. ஒலவக்கோட்டு அக்கா, உங்கள் பழைய கெஜட்டுகளில் வாளையாற்றுக் காடு, சுண்ணாம்புக் கல் பற்றி ஏதாவது கண்ணில் பட்டதா? ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டுக்கு வருகிறேன், நூலகம் திறந்திருக்குமா?